வைத்தவருக்கு ஒரு சொல் இல்லை

புதையல் என்று கேட்டதும் முகம் மலர்கிறது. பதுக்கல் என்றால் சுளிக்கிறது. யோசித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே வேலைதான். யாரோ ஒருவர் தன் பொருளை மற்றவர் கண்ணில் படாமல் ஓரிடத்தில் வைத்தார். எடுத்தவர் வாயில் அது புதையல், கிடைக்காதவர் வாயில் பதுக்கல். சரி, வைத்தவர் அதை என்னவென்று சொல்லுவார்? "பத்திரமா வச்சிருக்கேன்" என்பார், அவ்வளவுதான். அவருக்கென்று ஒரு பெயர்ச்சொல்கூட நாம் கொடுத்துவைக்கவில்லை.

அப்பா போன பிறகு அவருடைய அலமாரியைக் காலி செய்தபோதுதான் இது மண்டையில் ஏறியது. மேல்தட்டில் ஒரு தகர டப்பா. உள்ளே 11 சாவிகள், ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு காகிதத் துண்டு. ஒன்றில் 'பழசு' என்று எழுதியிருந்தது, ஒன்றில் 'பெரியது', இன்னொன்றில் 'இது அல்ல'. எந்தப் பூட்டுக்கு எது அல்ல? அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

பேராசைதான் சேர்த்து வைக்கச் சொல்கிறது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணத்தை மண்ணுக்குள் வைப்பவர் பெரும்பாலும் பயந்துபோனவர், அதோடு 'திரும்பி வருவேன்' என்று உறுதியாக நம்பியவர். இங்கிலாந்தில் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்த சாமுவேல் பீப்ஸ் கதை இதற்கு நல்ல உதாரணம். 1667 ஜூனில் டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்து ஆங்கிலேயப் போர்க்கப்பல்களைக் கொளுத்த, லண்டன் கதிகலங்கிப்போனது. மனிதர் தன் தங்கக் காசுகளை மனைவியிடமும் அப்பாவிடமும் கொடுத்துக் கிராமத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை ஊரார் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பட்டப்பகலில், தோட்டத்தின் நட்டநடுவில் புதைத்துவிட்டார்கள்! அக்டோபரில் இவர் போய் இருட்டில் லாந்தரை வைத்துக்கொண்டு தேடுகிறார், முதலில் இடமே பிடிபடவில்லை. கிடைத்தபோது பார்த்தால் அரை அடி ஆழம்கூட இல்லை. பை மக்கிப்போய்க் காசெல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. வாளி வாளியாக மண்ணை அள்ளி, தண்ணீர் விட்டுச் சலித்து, எண்ணிப் பார்த்து, மறுநாள் காலையில் மறுபடியும் சலித்து, கடைசியில் இருபது முப்பது காசு குறைந்தாலும் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அத்தனையையும் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அவர் பணம் புதையல் ஆகவில்லை, கவனித்தீர்களா? ஏனென்றால் அவர் திரும்பி வந்தார். திரும்பி வராதவர் வைத்ததுதான் புதையல் ஆகிறது. பிணத்துக்கும் பணத்துக்கும் நாம் 'புதை' என்ற ஒரே வினையை வைத்திருப்பது சும்மா இல்லை போல.

1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் (Hoxne) கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேட உலோகம் கண்டறியும் கருவியோடு போன நண்பருக்குத் தட்டுப்பட்டது ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும், நாணயங்கள் மட்டும் ஏறத்தாழ 15,000. (சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது.) ரோமானிய ஆட்சி அங்கே ஆட்டம் கண்ட காலத்தில், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யாரோ மரப்பெட்டிக்குள் பொறுமையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த சின்னப் பெட்டிகளுக்கு வெள்ளியில் குட்டிக் குட்டிப் பூட்டுகள். என்னை உலுக்கியது ஒரு தங்க வளையல். அதில் லத்தீனில் ஒரு வாழ்த்து: 'ஜூலியானே அம்மணி, மகிழ்ச்சியாக இதைப் பயன்படுத்துங்கள்'. கிட்டத்தட்ட 1,600 வருடம் அந்த வளையல் மண்ணுக்கடியில் கிடந்தது.

எல்லாமே பயந்து வைத்ததுதான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. 2010இல் அதே நாட்டில் ஃப்ரோம் அருகே ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன, எடை 160 கிலோ. நிறைந்த பிறகு தூக்கவே முடியாத பானை, எடுக்க வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும். அதனால் இது தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

அரிசியையும் மருந்தையும் மூட்டை மூட்டையாக மறைத்து வைத்து விலை ஏறக் காத்திருப்பவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருக்கு வைத்த இடம் மறக்காது, எடுக்கப் போகும் தேதிகூடத் தெரியும். அடுத்தவர் பசிதான் அவர் முதலீடு. அவரைத் திட்டுங்கள், நானும் வருகிறேன்.

ஆனால் வீடு நிறையச் சாமான் சேர்ப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நியூயார்க்கின் கொல்லியர் சகோதரர்கள் 1947இல் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்துகிடந்தார்கள். அந்த வீட்டிலிருந்து 100 டன்னுக்கும் மேல் சாமான்களை அப்புறப்படுத்தினார்கள், அதில் பியானோ மட்டுமே 14. தம்பி லாங்லி, திருடர்களுக்காகத் தானே வைத்த பொறி சரிந்து அதன் அடியில் சிக்கி இறந்தார். கண் தெரியாத அண்ணன் ஹோமர், சோறு கொடுக்க ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தார். ஊர் இன்றைக்கும் இதை விசித்திரக் கதையாகத்தான் சொல்கிறது. அந்தக் குவியலில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய செய்தித்தாள்களை எதற்காகச் சேர்த்தார் என்பதற்கு லாங்லி சொன்ன காரணம் வேறு. அண்ணனுக்குப் பார்வை திரும்பினால், விட்டுப்போன செய்திகளையெல்லாம் படிக்க வேண்டுமல்லவா, அதற்காகத்தானாம். பொருள் சேர்த்தலை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனியொரு கோளாறாகத் தன் கையேட்டில் சேர்த்தது. நல்ல விஷயம்தான், சிகிச்சைக்கு வழி கிடைக்கும். ஆனாலும் அண்ணனுக்காகத் தாள் அடுக்கிய அந்தக் கையை வெறும் 'கோளாறு' என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

என்னுடைய மேசை இழுப்பறையில் எந்தக் கருவிக்கு என்றே தெரியாத ஒயர்கள் ஒன்பது கிடக்கின்றன. தூக்கிப் போட்ட மறுநாளே தேவைப்படும் என்று ஒரு பயம், உங்களுக்கும் இருக்கும், பொய் சொல்லாதீர்கள்.

அந்தத் தகர டப்பா இப்போது என் அலமாரியில் இருக்கிறது. "பூட்டே இல்லாம சாவி எதுக்குப்பா?" என்று போன வாரம் மகள் கேட்டாள். "இருக்கட்டும்மா" என்றேன். அவள் போனதும், நூல் இற்றுப்போயிருந்த ஒரு சாவிக்கு மட்டும் புது நூல் கட்டினேன். 'இது அல்ல' என்று எழுதிய சாவி.