ஒரு குழந்தை, ஒரு குதிரை, ஒரு வழிகாட்டி
அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பென்ட் நகருக்கு அருகே, எரிமலைக் கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தில் கிம், டிராய் மீடர் தம்பதியர் 1995இல் தொடங்கிய கிரிஸ்டல் பீக்ஸ் இளையோர் பண்ணையைப் பற்றி நான் படித்த கட்டுரை, ஒரு குழந்தைக்கு ஒரு குதிரை, ஒரு வழிகாட்டி என்ற அவர்களது முறையை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம். பட்டினிக்கும் அடிக்கும் ஆளாகி, மீட்கப்பட்டு அப்பண்ணைக்கு வந்த குதிரை, எதிரே நிற்பவரின் பதற்றத்தை உடனே உணர்ந்து உடல் விறைத்து விலகி நிற்கும். குழந்தை நிதானமாகி, அதன் கழுத்தோரம் மெல்லப் பிரஷால் தேய்த்துவிடும்போதுதான் தலையைத் தாழ்த்திக் கீழுதட்டைத் தளரவிடும். அதட்டலுக்குக் கிடைக்காத அந்த இசைவைப் பொறுமையால் பெற்ற பிள்ளைக்கு, அதைவிட உறுதியான பாராட்டை எந்த ஆசிரியராலும் தர முடியாது என்றே நம்புகிறேன். இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பது என்னை மிகவும் நெகிழ வைத்தது. குதிரையேற்றம் பெரும்பாலும் வசதி படைத்தோருக்கே வாய்க்கும் நிலையில், காசில்லாத வீட்டுப் பிள்ளையும் அங்கே கடிவாளம் பிடிக்க முடிகிறது.