சுவருக்கு முதுகைக் கொடுத்து ஆடிப் பாருங்கள்

சண்டை வீடியோ கேம் போட்டிகளில் சில மேடைகளை, அதாவது மோதல் நடக்கும் களங்களை, தடைசெய்வது கோழைத்தனம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை கேமில் நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள் இருந்தும், பெரிய போட்டிகளில் அனுமதிக்கப்படுபவை பெரும்பாலும் பத்தைத் தாண்டுவதில்லை. நகரும் தரையும் திடீர் ஆபத்துகளும் யாருக்கு எப்போது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாதே!

பொங்கல் விடுமுறையில் கிருஷ்ணகிரியில் ஒரு மாடி அறையில் எட்டுப் பேர் டெக்கன் 7 என்ற இன்னொரு சண்டை கேம் ஆடினோம். சுவருள்ள மேடையில் என் அத்தை மகன் என்னை மூலையில் ஒட்டவைத்து, கண் இமைப்பதற்குள் பாதி உயிர்க்கோட்டைக் காலிசெய்துவிட்டான். அடுத்த ஆட்டம் சுவரே இல்லாத இன்ஃபினிட் அஸூர் மேடையில். நான் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. அதே ஆள், அதே விரல்கள்; மாறியது மேடை மட்டும்தான்.

ஸ்மாஷ் ஆட்டக்காரர்களைப் போல இருவரும் மாறி மாறி வேண்டாத மேடைகளைக் கழித்து, மிஞ்சியதில் ஆடலாம். இதில் கோழைத்தனம் எங்கே வந்தது?