உள்ளங்கை அளவுக் கொத்து எதைக் காட்டுகிறது?

“கைத்துப்பாக்கியால் ஏழு கஜத்தில் சுட்டால், எல்லாத் தோட்டாவும் காகித இலக்கில் உள்ளங்கை அளவுக் கொத்தாக விழுகிறது, அதனால் தற்காப்புக்கு நான் தயார்” என்கிறீர்கள். முதல் பாதி நல்ல செய்தி. இரண்டாம் பாதி அதிலிருந்து வராது.

அசையாத காகிதத்தை நிதானமாகச் சுடுவது, குறிபார்ப்பதும் விசையை இழுப்பதும் சரியாக இருப்பதை மட்டுமே காட்டும். நியூயார்க் காவல்துறையின் 1998–2006 பதிவுகளை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. எதிராளி திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீசாரின் தோட்டாக்களில் சுமார் 18 சதவீதமே இலக்கில் பட்டன. திருப்பிச் சுடாதபோதும் 30தான். இத்தனைக்கும் அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள்!

உண்மை நிலை தெரிய வேண்டுமா? சுடுதளத்துக்குப் போனதும், கை பழகும் முன்பே, டைமரை வைத்து, துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து முதல் சுற்றைச் சுடுங்கள். அந்தச் சுற்றை எழுதி வையுங்கள், அன்றைய சிறந்த சுற்றை அல்ல. ஒரு கையால், குறைந்த வெளிச்சத்தில், நகர்ந்தபடி சுடுவதைத் தளம் அனுமதித்தால் பயிற்சியாளரோடு செய்து பாருங்கள். இலக்குக்கு வெளியே போன ஒவ்வொரு தோட்டாவையும் தனியாக எண்ணுங்கள், நிஜத்தில் அது வேறு யார் மீதாவது படலாம்.

அப்புறம், சுடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் திறனை டைமரும் அளக்காது. அதற்கு உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படிப்பதும், சூழல் அடிப்படையிலான பயிற்சியும் தனியாக வேண்டும்.