இரண்டரை லட்சம் மிச்சமாம்

2025 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், மின்சார கார் ஷோரூம் ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "சார், டிசம்பர் 31 வரைதான் ரோடு டாக்ஸ் கிடையாது. இப்போ எடுத்தா இரண்டரை லட்சம் மிச்சம்" என்றார் அந்தத் தம்பி. பொய் இல்லை. தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதம் சாலை வரி. 14 லட்சம் ரூபாய் காருக்கு 2,52,000. ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். சின்னப் பெட்ரோல் காருக்கே 18.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். என்னுடையது 2013 வேகன் ஆர். ஆபீசுக்கு ரயிலில் போகிறவன். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால் பெரிசு. லிட்டருக்கு 16 கொடுக்கிறது. வருடத்துக்குப் பெட்ரோல் சுமார் 38,000 ரூபாய். மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு ஏசி புண்ணியத்தில் இரண்டு மாத பில் ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொடுகிறது, அதற்கு மேல் ரேட் எகிறிவிடும். சரி, வருடம் 8,000. ஆக, மிச்சம் 30,000. பத்து லட்சம் கடன் வாங்கினால், ஒன்பது சதவீதத்தில் முதல் வருட வட்டி மட்டுமே 80,000 தாண்டும். இன்சூரன்சை நான் எழுதவே இல்லை.

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் கால் டாக்சிக்காரருக்கு இதே கணக்கு தலைகீழ். அவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் வரிச் சலுகை மீட்டரைப் பார்ப்பதில்லையே! வாரம் ஒருநாள் கோயிலுக்குப் போகிறவருக்கும் அதே இரண்டரை லட்சம்.

"சுற்றுச்சூழல்?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நான் விற்கும் வேகன் ஆர் மாயமாகிவிடாது. செங்கல்பட்டுப் பக்கம் யாரோ அதே பெட்ரோலைப் போட்டு ஓட்டுவார். புது பேட்டரி செய்யும்போது வெளியேறிய கரியமில வாயுவை என் 500 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஈடுகட்ட வருடக்கணக்காகும். அவள் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

கிளட்ச் மாற்றியபோது எங்கள் மெக்கானிக் அண்ணன் போனட்டைத் தட்டி, "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். 2028-ல் பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியா என்ற சோதனை) வரும், அப்போது பார்க்கலாம். இப்போதைக்குப் பின்கதவு ரப்பரை மாற்ற வேண்டும், மழை பெய்தால் டிக்கியில் தண்ணீர் இறங்குகிறது.