கெடு தவறுவது ஒருவரால், தண்டனை வேறொருவருக்கு

அமெரிக்க அரசு முடங்கியது என்று செய்தி வந்தால், நம்மில் பலர் அது ஏதோ கட்சிச் சண்டை என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். சண்டை கட்சிகளுடையதுதான். ஆனால் அலுவலகங்களைப் பூட்ட வைப்பது சட்டம். அந்தச் சட்டம் யார் தலையில் விடிகிறது என்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும். செப்டம்பர் 30 நள்ளிரவுக்குள் நாடாளுமன்றம் நிதி ஒதுக்கியாக வேண்டும். சட்டப்படி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாது என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வது ஆன்டிடெஃபிஷன்சி சட்டம் என்ற பழைய சட்டம். ஒதுக்கீடு இல்லாமல் தெரிந்தே செலவு செய்யும் அரசு ஊழியருக்கு 5,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. அதன்படி யாரும் சிறைக்குப் போனதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அதிகாரியும் அந்தப் பயத்தில்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. கெடு தாண்டினாலும், பணம் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அலுவலகங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. 1980இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தை எழுத்துப்படி வாசித்தால் மூடித்தான் ஆக வேண்டும் என்று கருத்துச் சொன்னார். அடுத்த வருடம், உயிரையும் சொத்தையும் பாதுகாக்கும் வேலைகள் மட்டும் நடக்கலாம் என்று விளக்கமும் கொடுத்தார். இன்று நாம் பார்க்கும் முடக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

2025 அக்டோபரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய அலுவலகத்திலிருந்து கட்டாய விடுப்புக் கடிதம் வந்தது. ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது, மெயில் பார்க்கக் கூடாது, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டும் வேலை செய்யக் கூடாது. பாதியில் நின்ற ஒரு கோப்பை வீட்டிலிருந்தே முடித்துத் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். மேலதிகாரி பதறிப்போய் வேண்டாம் என்றாராம். இலவசமாக உழைப்பதைக்கூட அந்தச் சட்டம் தடுக்கிறது.

இன்னொரு பக்கம், விமானக் கட்டுப்பாட்டாளர்களும் விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்களும் சம்பளமே இல்லாமல் வேலைக்கு வந்தாக வேண்டும். வேலைநிறுத்தமும் செய்ய முடியாது, ஏனென்றால் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே குற்றம். 1981இல் செய்து பார்த்த பதினோராயிரத்துக்கும் அதிகமான கட்டுப்பாட்டாளர்களை அப்போதைய அதிபர் ரீகன் வேலையை விட்டே தூக்கினார். சரி, சம்பளம் தாமதமானதற்கு வழக்குப் போடலாமே என்றால், அந்தக் கதவையும் 2022இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஒதுக்கீடு இல்லாதபோது பணம் கொடுப்பதைச் சட்டமே தடுக்கிறது, ஆகவே அரசு ஊதியச் சட்டத்தை மீறவில்லை என்பது தீர்ப்பு. தர்க்கம் சரியாகவே இருக்கலாம். வாடகை கட்ட வேண்டியவர் அந்தத் தர்க்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

கெடுவைத் தவறவிட்ட உறுப்பினர்களுக்கு மட்டும் சம்பளம் நிற்காது. அதை அரசியலமைப்பே காப்பாற்றிக் கொடுக்கிறது.

2019இல் வந்த சட்டப்படி, முடக்கம் முடிந்ததும் ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளம் கிடைக்க வேண்டும். 2025இல் வெள்ளை மாளிகை அதையே சந்தேகத்துக்குள்ளாக்கியது. கடைசியில் முடக்கத்தை முடித்த மசோதாவில் மறுபடியும் எழுதி உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அரசு அலுவலகங்களில் தரை துடைப்பவர்கள், கேன்டீனில் சமைப்பவர்கள், வாசல் காவலர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. போன நாள் சம்பளம் போனதுதான். எல்லாரையும்விடக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு முழு நஷ்டம். இதை எந்தக் கட்சிக்காரர் வந்து நியாயப்படுத்தினாலும் நான் ஏற்க மாட்டேன்.

2025 முடக்கம் 43 நாள் நீடித்தது, அதுவரை வந்தவற்றில் நீளமானது. நவம்பரில் சுமார் 4.2 கோடிப் பேருக்கு அரசு தரும் உணவு உதவி வருமா வராதா என்பது நீதிமன்றங்களுக்கு இடையே அலைந்தது. நம்மவர்களையும் அது விடவில்லை. எச்1பி விசாவுக்கு முதலில் தேவைப்படும் தொழிலாளர் துறைச் சான்று அக்டோபர் கடைசிவரை வரவில்லை. வேலை மாற இருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

இந்தியாவில் பட்ஜெட் தாமதமானால் கணக்கு மீதான வாக்கெடுப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது; சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுவார்கள். மக்களவையில் நிதி மசோதா தோற்றால் அரசு பதவி விலக வேண்டியதுதான். அதாவது கெடுவின் வலி ஆட்சியில் இருப்பவருக்கு. அமெரிக்காவிலும் தற்காலிக மசோதா உண்டு, ஆனால் அதையும் இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும். அப்புறம் அந்தக் கெடுவுக்கும் இதே சண்டை. 43 நாள் முடக்கத்தை முடித்த உடன்பாட்டிலேயே பல துறைகளுக்குப் பணம் 2026 ஜனவரி 30 வரைதான் கொடுத்திருந்தார்கள்.

கெடு தவறினால் பழைய ஒதுக்கீடே தானாகத் தொடரட்டும் என்ற யோசனை பல வருடமாக அங்கே இருக்கிறது. அப்படிச் செய்தால் உறுப்பினர்கள் பட்ஜெட் போடவே சோம்பல்படுவார்கள் என்கிறார்கள். போடட்டும், போடாமல் இருக்கட்டும். அதற்காக ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தைப் பணயமாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அங்கே வாக்குரிமை உள்ள தமிழர்கள் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு இரண்டைக் கேளுங்கள்: தானாகத் தொடரும் ஒதுக்கீட்டுக்கு அவர் ஆதரவா, ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பாக்கிச் சம்பளம் தர வாக்களிப்பாரா. என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள்.