பழைய சட்டைக்கும் புதிய நூலுக்கும் நடுவில் நிற்பவர்கள்

2024 பிப்ரவரியில் ஸ்வீடனைச் சேர்ந்த ரிநியூசெல் நிறுவனம் திவாலானபோது, பழைய துணியைப் புதிய துணியாக்குவது நடவாத காரியம் என்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. சுண்ட்ஸ்வால் நகரில் ஒரு காகித ஆலை இருந்த இடத்தில் 2022இல் இயங்கத் தொடங்கிய அவர்களது ஆலை, பருத்தித் துணிக் கழிவிலிருந்து விஸ்கோஸ் என்ற துணி இழையைத் தயாரிக்க உகந்த கூழை உண்மையாகவே தந்தது. ஆண்டுக்கு 60,000 டன் என்று அதன் கொள்ளளவைத் திட்டமிட்டிருந்தார்கள். வேதியியல் அங்கே தோற்கவில்லை. கூழை இழையாக்குபவர், இழையை நூலாக நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், கடைசியில் ஆடைக்கு ஆர்டர் கொடுக்கும் பிராண்டு என இத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சம்மதித்தால்தான் அந்தக் கூழுக்கு ஆர்டர் வரும். எதிர்பார்த்த அளவுக்கு அது வரவில்லை. அதே ஆண்டில் ஆல்டோர் என்ற முதலீட்டு நிறுவனம் ரிநியூசெல்லை வாங்கி, சர்குலோஸ் என்று பெயர் மாற்றியது.

ஆலையைக் கட்டுவதைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள கண்ணிகளைக் கோப்பதே கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணிகளுள் நாம் மிகவும் அலட்சியப்படுத்துவது வகைபிரிப்பு.

பழந்துணியை வகைபிரிப்பவரின் வருமானம் பெரும்பாலும் மறுபடி உடுத்தத்தக்க ஆடைகளிலிருந்து வருகிறது. கிழிந்தவையும் கறை படிந்தவையும், அதாவது மறுசுழற்சிக்குப் போக வேண்டியவை, அவருக்குச் சுமை. மறுசுழற்சி ஆலையோ அந்தச் சுமையையே இழைவாரியாகப் பிரித்து, பொத்தானும் ஜிப்பும் நீக்கி, எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை ஒரு வரம்பைத் தாண்டாமல் தரச் சொல்கிறது. இழை விவரத்துக்கு ஆடையில் தைத்திருக்கும் சீட்டில் எழுதியிருப்பதை நம்பலாமென்றால், பல ஆடைகளில் சீட்டே இருக்காது. இருந்தாலும் அது எப்போதும் சரியாக இருப்பதில்லை. முழுப் பருத்திச் சட்டையைக்கூடப் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலால்தான் தைத்திருப்பார்கள். அகச்சிவப்புக் கதிரால் இழையை அறியும் இயந்திரங்கள் வந்துவிட்டன. மால்மோவில் உள்ள சிப்டெக்ஸ் நிலையம் ஆண்டுக்கு 24,000 டன் வரை பிரிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கதிர் துணியின் மேற்பரப்பையே படிக்கிறது. உள்துணி வைத்துத் தைத்த ஆடையிலும் அடர்கறுப்புத் துணியிலும் அது தடுமாறும்.

இத்தாலியின் பிராட்டோவில் தலைமுறைகளாகக் கம்பளித் துணியைக் கையால் தடவிப் பார்த்தே தரமும் நிறமும் பிரித்திருக்கிறார்கள். அங்கு அந்தத் தொழில் நிலைத்ததற்குக் கைத்திறன் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன்: பிரிப்பவரும், துணியைப் பிய்த்து மீண்டும் பஞ்சாக்குபவரும், நூற்பவரும் ஒரே வட்டாரத்தில் இருந்ததால், யாருக்கு எது தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய கலப்பிழை ஆடைகள் கடல் தாண்டிப் பயணிக்கும்போது அந்த அறிவு கூடவே பயணிப்பதில்லை.

ஆகவே 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் துணிக் கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்ற விதியை நான் வரவேற்றாலும், அதில் எனக்குக் கவலையும் உண்டு. பிரிக்க ஆளும் வாங்க ஆலையும் இல்லாத சேகரிப்பு, குவியலைத்தான் பெருக்கும். கழித்த துணியைக் கையாளும் செலவுக்கு உற்பத்தியாளரிடம் கட்டணம் வாங்கும் முறையை 2007 முதலே கொண்டிருக்கும் பிரான்சிலேயே, 2025 ஜூலையில் ல ரெலே என்ற பெரிய சேகரிப்பு அமைப்பு, வகைபிரிப்புக்குத் தரப்படும் தொகை போதவில்லை என்று சேகரிப்பை நிறுத்திப் போராடியது.

தையல் ஆலைகளின் வெட்டுக் கழிவிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வதுண்டு. இழையும் நிறமும் தெரிந்த கழிவு என்பதால் தொழில்நுட்பத்தைப் பழக அது நல்ல வழிதான். ஆனால் அதில் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். புதிய ஆலை அதை எடுத்துக்கொண்டால் பழைய ஆலையின் மூலப்பொருள் கை மாறுமே தவிர, உடுத்திக் கழித்த துணி குப்பையிலேயே கிடக்கும்.

நான் வலியுறுத்துவது நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தத்தை. இத்தனை டன், இந்த இழை விகிதம், இத்தனை ஆண்டுகள் என்று பிராண்டுகள் எழுத்தில் உறுதி தந்தால் ஆலைக்குக் கடன் கிடைக்கும். ஆலையும் அதே உறுதியை வகைபிரிப்பவருக்குத் தர வேண்டும். அப்போதுதான் அவரால் இயந்திரம் வாங்க முடியும், கிழிந்த துணியையும் விலையுள்ள சரக்காக எண்ண முடியும். புதிய பருத்தியின் விலை சரிந்த மாதத்தில் அந்த ஒப்பந்தத்தைக் கைவிடும் உரிமை பிராண்டுக்கு இருக்கக் கூடாது.