எண் ஒன்று, நிறம் ரெண்டு

குன்னூர் தேயிலைச் சரிவு, ஒரே படம். இடது மானிட்டரில் கொழுந்துப் பச்சை, வலதில் பாசிப் பச்சை. எதை நம்பி எடிட் செய்வது? 2018-ல் பூத்த குறிஞ்சியைத் திறந்தால் இங்கே நீலம், அங்கே கத்தரிப்பூ நிறம்!

திரையின் நிறத்தை அளக்கும் கேலிப்ரேட்டர் வைத்து அளந்தாயிற்று. ரெண்டுக்கும் வெள்ளையின் சாயல் 6500 கெல்வின், நடுத்தர வெளிச்சங்களைத் தீர்மானிக்கும் காமா 2.2, வெளிச்சம் 120 நிட்ஸ். எண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒன்றின் வெள்ளை மட்டும் ரோஸ் நிறம் அடிக்கிறது. எல்லாம் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் செய்யும் வேலை. ஒன்று சாதாரண வெள்ளை எல்இடி, இன்னொன்று கூடுதல் நிறங்கள் காட்டும் வைட் காமட். ஒளியின் அலைநீளக் கலவையே வேறு. கருவிக்குச் சமமாகப் படுவது கண்ணுக்கு அப்படிப் படாது. கடைசியில் ஒன்றின் வெள்ளையைக் கண்ணால் பார்த்து நகர்த்தி, அதன் பிறகுதான் புரொஃபைல், அதாவது அந்தத் திரையின் நிறக் குறிப்புக் கோப்பு, எடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கா இவ்வளவு காசு?

ஊட்டிக் குளிரில் ஆன் செய்த கையோடு அளந்தால் அதுவும் வீண். அரை மணியாவது சூடேற வேண்டும். அதற்குள் கரண்ட் போய்விடும், மறுபடி முதலிலிருந்து! ஜன்னலில் மூடுபனி வந்தால் அறை நீலம், விலகினால் மஞ்சள். கனமான திரைச்சீலை இல்லாமல் ஒன்றும் நடக்காது. சாயங்காலம் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் தானாக விழித்துக்கொள்ளும். டிரைவர் அப்டேட் ஆனால் எடுத்து வைத்த அந்தப் புரொஃபைல் காணாமல் போகும்.

இருந்தும் என்ன? புரொஃபைலை மதிக்காத போட்டோ வியூவரில், வைட் காமட் திரையில், சாதாரணத் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி படத்தைத் திறந்தால் மாப்பிள்ளை முகம் தக்காளி. வாடிக்கையாளர் திறந்து பார்ப்பதும் அதில்தான்.